சொன்ன தேதிக்குத் தராத கடை

வாங்க மதினி, வாங்க. வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க, ஃபேன் காத்து அங்கதான் வரும். ஒண்ணும் சொல்லாதீங்க. எனக்குத் தெரியும். உங்களுது ரெடி. ஹூக்கு மட்டுந்தான் பாக்கி. செத்த நேரம் உக்காந்தா கையோட வாங்கிட்டுப் போயிரலாம்.

என்ன, கோவமா? கோவப்படுங்க. இங்க வாற எல்லாரும் மொதல்ல ஒரு கத்து கத்துவாவ. பெறகு உக்காருவாவ. பெறகு எந்திரிக்க மாட்டாவ. எனக்கு அந்தக் கத்தக் கேட்டாத்தான் அன்னைக்குப் பொழுது வெளங்கும்.

ஆளையே காணமேன்னு பாக்கீங்களா? சாப்பாட்டு நேரம்லா, அதான். இன்னும் கொஞ்ச நேரத்துல பாருங்க, இந்தச் செருப்பு விடுத எடத்துல கால் வைக்க முடியாது. அத்தன பேரையும் இன்னைக்குச் சாப்பாட்டுக்கு மேல வரச் சொல்லியிருக்கேன். ஏன்னு கேளுங்க. இன்னைக்கு எங்க அத்தான் வாறாவ. எங்க வீட்டுக்காரருக்கு அண்ணன், கோயம்புத்தூர்ல இருக்காவ. இந்தக் கடை ரூம் அவுக பங்குல வந்தது. போன ஐப்பசியில வந்து பாத்துட்டு, "பங்குனிக்குள்ள கூட்டம் சேரலைன்னா ரூம ஒழிச்சுக் குடுத்துரும்மா, மொபைல் கடைக்காரன் ஒருத்தன் கேக்கான்"னு சொல்லிட்டுப் போயிட்டாவ. இன்னைக்குத்தான் முடிவு. அந்த மொபைல்காரரையும் வரச் சொல்லியிருக்காவளாம்.

பயமா? எனக்கா? காலையில இருந்து எனக்குச் சிரிப்பு தாங்கல மதினி. எங்க வீட்டுக்காரர் கோமதிநாயகம், மினிபஸ் கண்டக்டர், "ஏட்டி, கடை போகப் போற அன்னைக்குச் சிரிக்கியே, மண்டைக்கு வழியில்லாமப் போச்சா"ன்னு கேட்டுட்டுப் போறாவ. கடை போகாது மதினி. எனக்கு ரகசியம் தெரிஞ்சு போச்சு. எந்தத் தொழில் ஓடும், எந்தத் தொழில் படுக்கும்னு சங்கரன்கோவில் பஜார்ல ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

சொல்லவா? நீங்க வெளியூர் மாதிரி தெரியுது. சுரண்டையா? சரி, அப்ப சொல்லலாம்.

ஆவணியில கடை தொறந்தேன். முறையா ஒரு வருசம் தையல் படிச்சவ நான். படிச்ச திமிருல வாசல்ல ஒரு போர்டு மாட்டுனேன். "சொன்ன தேதியில் தைத்துத் தரப்படும்." பச்சை எழுத்து, செவப்புல அடிக்கோடு. எதுத்தாப்புல ஜெஸிந்தாக்கா கடை. அங்க துணி மலை மாதிரி குமிஞ்சு கெடக்கும். ஒரு ஜாக்கெட்டும் சொன்ன நாளுக்குக் கெடைக்காது. பொம்பளைக வந்து கத்துவாவ, அழுவாவ, கல்யாண வீட்டுல இருந்து ஆட்டோவுல வந்து எறங்கிச் சண்ட போடுவாவ. ஆனா கூட்டம்னா கூட்டம், அப்படி ஒரு கூட்டம். நான் இங்க ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். தீவாளிக்குத் தையக்காரி பகல்ல தூங்குனான்னு எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? நான் தூங்குனேன். முழிச்சு அழுதேன், திரும்பத் தூங்குனேன்.

செவத்தையே பாக்கீங்களே, பிளக்கு எத்தன இருக்குன்னு எண்ணுதீங்களா? போன் சார்ஜ் போடணுமா? அன்னா அந்த மெஷினுக்குப் பொறத்தால ஒண்ணு இருக்கு, போட்டுக்கிடுங்க. வேண்டாமா? சரி.

அந்தச் சமயத்துலதான் நாச்சியாரக்கா வந்தாவ. வளையல் கடை வச்சிருக்காவ, நல்ல வாட்டசாட்டமா இருப்பாவ. துணியக் குடுத்து, அளவெல்லாம் சொல்லி, எல்லாம் முடிஞ்சுது. "எப்பம்மா கெடைக்கும்?"னு கேட்டாவ. "நாளைக்குக் காலையில வாங்கக்கா"ன்னேன். அவுக மொகத்தப் பாக்கணுமே! ஏதோ நான் சொல்லக்கூடாத வார்த்தயச் சொல்லிட்ட மாதிரி. "நாளைக்கேவா?"ன்னாவ. "ஆமாக்கா." கடைய ஒரு சுத்து பாத்தாவ. அலமாரி காலி. மேசை காலி. குடுத்த துணிய மெதுவா மடிச்சு, "வீட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டு வாறேன்"னு எடுத்துக்கிட்டுப் போனாவ. போனது வீட்டுக்கா? ரோட்டத் தாண்டி நேரா ஜெஸிந்தாக்கா கடைக்கு! நான் பாத்துக்கிட்டே நிக்கேன்.

எனக்கு அன்னைக்கு மூள வேல செய்யல மதினி. கார்த்திகையில காய்ச்சல் வந்தப்பத்தான் மின்னல் அடிச்சுது. எங்க தெருவுல ரெண்டு டாக்டர். ஒருத்தர் போன உடனே பாப்பாரு. இன்னொருத்தர்ட்ட விடியக்காலம் போயி டோக்கன் போட்டு, மத்தியானம் வரைக்கும் வராந்தாவுல கெடக்கணும். நான் எங்க போனேன்? வராந்தாவுக்குத்தான். காய்ச்சல்ல நடுங்கிக்கிட்டுக் கெடக்கேன், பக்கத்துல ஒரு அம்மா சொல்லுதாவ, "அந்த டாக்டர் ஆகாதும்மா, போனா சும்மா உக்காந்திருக்காரு"ன்னு. எனக்குச் சுளீர்னுச்சு. சும்மா உக்காந்திருந்தது நான்லா! பிரியாணிக் கடையப் பாருங்க, நிக்க வைக்கிறவன் கடையிலதான் கூட்டம். ஜோசியரப் பாருங்க. பள்ளிக்கூடத்தப் பாருங்க, சீட்டு இல்லைன்னு சொல்லுத பள்ளிக்கூடத்துக்குத்தான் அடிச்சுப் பிடிச்சு நிக்காவ. காத்திருக்க வைக்கத் தெரிஞ்சவன் பொழச்சுக்கிடுதான். உடனே குடுக்கவன் கடையச் சாத்துதான். இம்புட்டுத்தான் மதினி வியாபாரம்! டாக்டர் ஊசி போட்டாரு, எனக்கு வலிக்கவே இல்ல. சிரிச்சுக்கிட்டே ஊசி போட்டுக்கிட்டவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் மொத வேலையா போர்டக் கழட்டுனேன். ரெண்டாவது, அலமாரிய ரொப்பணும். துணிக்கு எங்க போக? எங்க வீட்டுக்காரர் லுங்கி, வாசல் தெரை, பழைய சேலை, போர்வை, அத்தான் தீவாளிக்கு எடுத்துக் குடுத்த வேட்டி, எல்லாத்தையும் மடிச்சுக் கவர்ல போட்டு, மேல பேர் எழுதிச் சொருகுனேன். "ராஜேஸ்வரி டீச்சர், அவசரம்." "பெரிய வீடு, மிக அவசரம்." எந்த ராஜேஸ்வரி டீச்சர்? எந்தப் பெரிய வீடு? யாருக்குத் தெரியும்! எங்க வீட்டுக்காரர் குளிச்சிட்டு ஈரத் துண்டோட நின்னு, "என் லுங்கி எங்கட்டி"ன்னு கத்துதாவ. "டீச்சர் துணிக்குள்ள இருக்கும், எடுத்துக் கட்டிட்டுத் திருப்பி வச்சிருங்க"ன்னேன். அவுகளுக்கு ஒண்ணும் புரியல, பாவம்.

சிரிங்க மதினி, நல்லாச் சிரிங்க. நீங்க சிரிப்பீங்கன்னு நெனைக்கவே இல்ல. வந்தப்ப மொகம் அப்படி இருந்துச்சு.

மாசம் ஒண்ணு கழிச்சு நாச்சியாரக்கா இந்தப் பக்கமா வந்தாவ. ஜெஸிந்தாக்கா கடையில துணி இன்னும் கெடைக்கல போல. வாசல்ல நின்னு எட்டிப் பாத்து வாயப் பொளந்துட்டாவ. "என்னம்மா, இம்புட்டு வேலையா?" நான் தலையே நிமிரல. மெஷின்ல எங்க வீட்டுத் தெரையத்தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன். "என்ன செய்யக்கா, மூச்சு விட நேரமில்ல." "எனக்கு ஒண்ணு தச்சுத் தருவியா?" "ஒரு மாசம் ஆகும்க்கா." அவுக கெஞ்சுனாவ மதினி! அன்னைக்குத் துணியத் திருப்பி எடுத்துட்டுப் போன அதே நாச்சியாரக்கா, "எப்படியாவது பாத்துச் செய்யி தாயி"ன்னு கெஞ்சுனாவ!

அதோட போச்சா? அலமாரியில பூப்போட்ட துணி ஒண்ணக் காட்டி, "அது யாரு துணி, டிசைன் புதுசா இருக்கே"ன்னாவ. அது என் போர்வை. "பெரிய வீட்டுதுக்கா"ன்னேன். "மீதி இருக்குமா?" இருக்கும்னுட்டேன். போர்வையில மீதிக்கு என்ன கொறச்சல்! தச்சுக் குடுத்தேன். அதப் போட்டுக்கிட்டு அவுக கோயிலுக்குப் போனாவ. மறுவாரம் அதே டிசைன் வேணும்னு நாலஞ்சு பேரு. பெறகு அவுக சொல்லி இன்னும் கொஞ்சப் பேரு. எங்க வீட்டுல இப்ப போர்வை கெடையாது மதினி. எங்க வீட்டுக்காரர் வெறும் பாயில படுத்துக்கிட்டு, "ஊரு பூரா என் போர்வையப் போட்டுக்கிட்டுத் திரியுதாவ"ன்னு பொலம்புதாவ. ஒருநாள் மினிபஸ்ல ஏறுன ஒரு அம்மாவப் பாத்து, இது என் போர்வைதான்னு வாய் வரைக்கும் வந்துட்டாம். அடக்கிக்கிட்டு டிக்கெட் குடுத்தாவளாம்.

கொஞ்சம் கையத் தூக்குங்க. இல்ல, நீங்க சிரிக்கும்போது பாத்தேன், கைய ஒடம்போட ஒட்டியே வச்சிருக்கீங்க. இப்பப் போட்டிருக்கது யாரு தச்சது? கக்கத்துல இறுக்குதுலா? வெக்கப்படாதீங்க. இப்படித் திரும்புங்க, உள்ள துணி விட்டிருக்காவ, ரெண்டு தையல் பிரிச்சா ஆச்சு. கத்திரி கையிலதான் இருக்கு. அசையாதீங்க. இன்னா... ஆச்சு. இப்பக் கையத் தூக்குங்க. நல்லா மூச்சு இழுங்க. ம்ம். இத்தன நாளும் இப்படியே இறுக்கிக்கிட்டா பஸ்ல போய் வந்தீங்க? சவத்த, தச்சவளச் சொல்லணும்.

எங்க விட்டேன்? ஆங், லேட்டு. கூட்டம் வந்துட்டு. ஆனா எனக்கு ஒரு கஷ்டம் இருக்கு மதினி, வெளிய சொல்லாதீங்க. எனக்கு லேட்டாத் தைக்க வராது. துணி கைக்கு வந்தா கை பரபரக்கும், அன்னைக்கே தச்சு முடிச்சிருவேன். அதனால தச்சத எல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோயி கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சிருவேன். மொத நடை வந்தா, "ஹூக்கு மட்டுந்தான் பாக்கி." ரெண்டாம் நடை, "கரண்டு இல்ல." மூணாம் நடைதான் குடுக்கது.

அந்த நடையில ஒரு வசதியும் இருக்கு. அளவு ஜாக்கெட்டுன்னு ஒண்ணு கொண்டு வருவாவலா, அத நம்பவே கூடாது. எந்தப் பொம்பளையும் தனக்கு இப்பச் சரியா இருக்கதக் கொண்டுவர மாட்டா. பிள்ள பெறுததுக்கு முன்னாடி போட்டத எடுத்துக்கிட்டு வருவா. அதுபடி தச்சா சோறு தின்ன முடியாது. மொத நடை வந்து இந்த ஸ்டூல்ல உக்காருவாவலா, நான் பேசிக்கிட்டே கண்ணால பாத்துக்கிடுவேன். எப்படிக் குனியுதாவ, எந்தத் தோளு வலிக்கு, கையத் தூக்கும்போது மொகம் எப்படிப் போகுதுன்னு. அவுக போன பெறகு பக்கத் தையலப் பிரிச்சு விட்டுத் தைப்பேன். ரெண்டாம் நடையில மிச்சத்தப் பாத்துக்கிடுவேன். ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். பெருத்துட்டீங்கன்னு எதுக்குச் சொல்லணும்? வீட்டுல சொல்ல ஆளில்லையா? போட்டுப் பாத்துட்டு, "ஏ, எனக்கு இன்னும் பழைய அளவுதாம்ட்டி!"ன்னு கண்ணாடி முன்னாடி ஒரு சுத்து சுத்துவாவ. நாச்சியாரக்கா சுத்துனதுல மெஷினே ஆடிச்சு.

அது கெடக்கட்டும், அது சில்லறை விசயம். நான் சொல்ல வந்தது லேட்டு. லேட்டுதான் தொழிலு.

அதுக்கு அத்தாட்சி வேணுமா? எதுத்த கடையப் பாருங்க. ஜெஸிந்தாக்கா தங்கமான மனுசி, ஆனா புத்தி கெட்டுப் போச்சு. புது மெஷின் வாங்கி, வேலைக்குப் பிள்ளைகளப் போட்டு, சொன்ன தேதிக்குக் குடுக்க ஆரம்பிச்சுட்டாவ! அளவு ஜாக்கெட் எப்படி இருக்கோ அப்படியே, நூல் பிசகாம இருக்கும். ரெடியானதும் போனுக்கு மெசேஜ் வேற போகும். என்ன ஆச்சு? அங்க போனவுக எல்லாம் ஒவ்வொருத்தரா இங்க வாறாவ. வந்து என்ன சொல்லுதாவ தெரியுமா? "அங்க தச்சா மூச்சு முட்டுது"ங்காவ. அவசரம் அவசரமாக் குடுத்தா மூச்சு முட்டத்தானே செய்யும்! போன மாசம் அந்தக்கா இங்க வந்து, "உன் போர்டு சும்மாத்தான கெடக்கு, எனக்குத் தாயேன்"னு கேட்டாவ. குடுக்கும்போது என் மனசு என்ன பாடுபட்டுச்சுங்கீங்க. வேண்டாம்க்கா, கெட்டுப் போயிருவீங்கன்னு சொல்ல நாக்கு துடிச்சுது. அன்னா பாருங்க, மாட்டியிருக்காவ. பச்சை எழுத்து, செவப்புல அடிக்கோடு. கடையில ஆள் இருக்கா? இல்ல.

இன்னா வாறாவ! நான் சொன்னம்லா! வாங்க சித்தி, வாங்க. ஹூக்கு மட்டுந்தான் பாக்கி, உக்காருங்க. வாம்மா, உனக்குக் கரண்டு வந்ததும் முடிஞ்சிரும். என்னது, ஃபேன் ஓடுதா? அது வேற கரண்டும்மா, உக்காரு. மதினி, கொஞ்சம் அந்தப் பக்கமா நகந்துக்கிடுங்க. கொழந்தைய மேசை மேல உக்கார வைங்க, ஊசி இருக்கு, பாத்து. சுண்டலா? எனக்கும் குடுங்க. ஏ யப்பா, வாசல் வரைக்கும் நிக்காவளே!

நாச்சியாரக்கா, நீங்க எதுக்கு வந்தீங்க? உங்களுதப் போன வாரமே குடுத்தாச்சே. சும்மா வந்தீங்களா? சும்மா எதுக்கு கடையச் சாத்திட்டு... சரி சரி, உக்காருங்க. பாத்தீங்களா மதினி! லேட்டாவே குடுத்துப் பழக்கிட்டா, குடுத்த பெறகும் வந்து காத்துக் கெடக்காவ! இதுக்கு மேல என்ன வேணும்?

அத்தான்! வாங்க அத்தான், இப்பத்தான் வாறீங்களா! உள்ள வர எடமில்லையா? என்ன செய்ய, தெனமும் இப்படித்தான். வாசல்லயே நில்லுங்க, அங்க இருந்தே பாருங்க. எண்ணிப் பாருங்க அத்தான், இது கூட்டமா இல்லையா? சேலை மேல மிதிச்சிராதீங்க. என்ன தேடுதீங்க? மொபைல்காரரா? அவரு வரலையே. காலையில இருந்து ஒரு ஆம்பளையும் இங்க வரல. என்னது, அவரு வரல, வீட்டம்மாவ ரூம் பாக்க அனுப்பியிருக்காரா? எந்த வீட்டம்மா? இங்க இருக்கது பூரா என் கஸ்டமருலா.

மதினி, நீங்க ஏன் எந்திரிக்கீங்க?

நீங்களா?

ஐயோ. அப்ப நீங்க எங்கிட்ட துணியே குடுக்கலையா? உங்களுக்கு நான் எந்தத் துணிக்கு ஹூக்கு பாக்கின்னேன்? அதச் சொல்லத்தான் அத்தன தடவையும் வாயத் தொறந்தீங்களா? நான் பாட்டுக்கு லுங்கி, போர்வை, கட்டிலுக்கு அடியில இருக்கது, எல்லாத்தையும் கொட்டிட்டேனே! ஜெஸிந்தாக்காட்டக் கூட சொல்லாதத உங்ககிட்டச் சொன்னேனே மதினி. சரி, சொல்லுங்க. இந்தக் கடை போச்சுன்னா எனக்கு ஒண்ணுமே இல்ல, ஆனா நீங்க என்ன செய்வீங்க, உங்க பொழப்ப நீங்க பாக்கணும்லா. அத்தான் கேக்காவ, ரூம் புடிச்சிருக்கான்னு. சொல்லிருங்க.

என்னது?

அத்தான், கேட்டீங்களா? திரும்பச் சொல்லுங்க மதினி, எல்லாருக்கும் கேக்க மாதிரி. பொம்பளைக இப்படி விழுந்தடிச்சு வாற எடத்துல மொபைல் கடை போட்டா வெளங்காதாம். பிளக்கும் பத்தாதாம். வீட்டுக்காரர்ட்ட இவுகளே சொல்லிக்கிடுவாவளாம். சிரிக்காதீங்க நாச்சியாரக்கா, எனக்கு அழுகையா வருது. என்ன அத்தான்? நானே வச்சுக்கிடவா? வாயால சொல்லுங்க. ஆங். கேட்டீங்களா எல்லாரும், அத்தான் சொல்லிட்டாவ! சுண்டலக் குடுங்க அவுகளுக்கு.

மதினி, கையக் குடுங்க. எதுக்குச் செஞ்சீங்கன்னு கேக்க மாட்டேன். இந்தக் கூட்டத்தப் பாத்து மனசு மாறியிருப்பீங்க. என்ன, நாளைக்கே துணி கொண்டு வாறீங்களா? அளவு ஜாக்கெட்டும் வேண்டாமா, என் கண்ணே போதுமா? எப்பத் தருவன்னா கேக்கீங்க? மறுநாளே... சே, வாய் பாருங்க! உங்களுக்குப் போயி அந்தத் துரோகம் செய்வனா? எங்க குலசாமி மேல சத்தியமாச் சொல்லுதேன் மதினி, நான் உயிரோட இருக்க வரைக்கும் உங்களுக்குச் சொன்ன தேதிக்குத் தரவே மாட்டேன்.